மெக்கானிக்குகளுக்கு வாரம் ஐந்து நாள் வேலை: நெல்லையில் ஒரு கார் பணிமனை

வண்ணார்பேட்டையிலிருந்து தெற்குப் புறவழிச்சாலைப் பக்கம் இருக்கும் இந்தக் கார் பணிமனை, திங்கள் முதல் சனி வரை காலை 7.30 முதல் இரவு 7 மணி வரை திறந்திருக்கிறது. ஆனால் அங்கே எந்த மெக்கானிக்கும் வாரத்தில் ஐந்து நாள்களுக்கு மேல் வேலை செய்வதில்லை. ஞாயிறு எல்லோருக்கும் விடுமுறை; அதோடு வார நாள்களில் ஒரு நாள் ஆளுக்கு ஆள் மாறி வருகிறது. ஒரு பிரிவினர் காலை 7.30-க்கு வந்து மாலை 4 மணிக்குக் கிளம்புகிறார்கள், மற்றவர்கள் 10.30-க்கு வந்து இரவு கடை அடைக்கும்வரை இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டியவர்கள் இரண்டாம் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு வண்டி கொடுக்கும் நமக்கு நல்லதா என்பதுதான் இந்த மதிப்புரையின் கேள்வி. நல்லது என்பதே, என் காரைத் தொடர்ந்து அங்கே விட்டு வருகிற எனது தீர்மானம்.

மெக்கானிக் பாதி வேலையில் போய்விட்டால் வண்டி என்ன ஆகும் என்ற ஐயம் எல்லோருக்கும் எழும். முன்சக்கர இயக்கமுள்ள சிறு காரில் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற வேண்டும். மதியம் தொடங்கினால் அது பெரும்பாலும் மறுநாளைக்குப் போய்விடும். மறுநாள் அந்த மெக்கானிக்குக்கு விடுமுறை என்றால் வேறொருவர்தான் முடிக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜாப் கார்டு வைத்திருக்கிறார்கள். எந்த போல்ட் கழற்றப்பட்டது, எது கையால் மட்டும் மாட்டப்பட்டது, எது டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்து முறுக்கப்பட்டது, எந்த ஸ்பேர் வந்திருக்கிறது, எது வரவேண்டும் என்று வேலையை விட்டுப் போகிறவர் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். கழற்றிய போல்ட்டுகள் வண்டி எண் ஒட்டிய தட்டில் தனியாக இருக்கின்றன. "அண்ணாச்சி, அவன் எழுதி வச்சதப் பாக்காம நான் ஸ்பேனர எடுக்க மாட்டேன்" என்று மூத்த மெக்கானிக் ஒருவர் என்னிடம் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே ஆள் மனத்தில் வைத்துக்கொண்டு செய்யும் பட்டறைகளில் இந்த ஒழுங்கை நான் கண்டதில்லை. விடுமுறைக்காகக் கொண்டுவந்த வழக்கம், வேலையின் தரத்தைச் சரிபார்க்கும் இரண்டாவது கண்ணாகவும் ஆகிவிட்டது.

களைப்பு என்பது மெக்கானிக்கின் தனிப்பட்ட துன்பம் மட்டுமன்று. நம் வண்டியின் பிரேக்கையும் அது தொடுகிறது. வேறொரு பணிமனையில், மறுநாள் திருச்செந்தூர் போக வேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமை இரவு வெகுநேரம் கழித்துப் பிரேக் வேலை முடித்துக் கொடுத்தார்கள். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் நிப்பிளைச் சரியாக முறுக்காமல் விட்டதால் பிரேக் ஆயில் கசிந்து, பாளையங்கோட்டையைத் தாண்டுவதற்குள் மிதி தரையைத் தொட்டது. அந்தப் பையன் திறமையற்றவன் அல்லன். காலை எட்டு மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்தவன். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படி வேலை வாங்குவதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் நம் வழக்கத்தின்மேல்தான் வந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நெல்லையிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. அடுத்த சில வாரங்கள் இங்குள்ள பணிமனைகள் பலவற்றில் இரவு பகல் பார்க்காமல் வேலை நடந்தது. அந்த நெருக்கடி ஓய்ந்த கையோடு, தேர்ந்த மெக்கானிக்குகள் இருவர் வளைகுடாவுக்குப் போய்விட்டதாகவும், ஆள்களைத் தக்கவைக்க வேறு வழி தேடியபோதுதான் இந்த முறைக்கு வந்ததாகவும் பணிமனை உரிமையாளர் கூறுகிறார். உலகில் இதற்கு முன்னோடி உண்டு. சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலுள்ள டொயோட்டா சேவை மையம் 2000-களின் தொடக்கத்திலேயே மெக்கானிக்குகளின் வேலையை ஊதியம் குறைக்காமல் நாளுக்கு 6 மணி நேரமாக்கி, இரண்டு ஷிப்டுகளாகப் பிரித்தது. அதனால் மையம் திறந்திருக்கும் நேரம் கூடியதே தவிரக் குறையவில்லை. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்தை உச்ச வரம்பாக வைத்தது. நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். இந்தப் பணிமனையில் ஒரு மெக்கானிக்கின் வாரம் 40 மணி நேரத்தை ஒட்டியே முடிகிறது.

இது நிலைப்பதற்குச் சம்பள முறைதான் முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். அமெரிக்கப் பணிமனைகள் பலவற்றில் வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே குறித்து, அந்தக் கணக்கில் மெக்கானிக்குக்குக் கூலி தருகிறார்கள். வண்டி வராத நேரத்துக்குப் பணமில்லை. நம் ஊரிலும் வண்டிக்கு இவ்வளவு என்று கமிஷன் தரும் இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் விடுமுறை என்பது சம்பள இழப்பாகிவிடும். இங்கே மாதச் சம்பளம். ஐந்து நாளாக்கியபோது அதில் கை வைக்கவில்லை.

குறைகளும் உண்டு. முதலாவதும் பெரியதுமான குறை, டிங்கரிங், பெயிண்டிங், வாட்டர் வாஷ் பிரிவுகளில் உள்ளவர்கள் இன்னும் ஆறு நாள் வேலையிலேயே இருப்பது. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆள்கள் என்று விளக்கம் தருகிறார்கள். வெயிலில் தகரத்தைத் தட்டிக்கொண்டும், பெயிண்ட் நெடியில் நின்றுகொண்டும் இருப்பவர்களுக்குத்தான் அந்த ஓய்வு முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இந்த விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அடுத்து, முன்பதிவு இல்லாமல் போனால் பஞ்சர், பேட்டரி, பிரேக் போன்ற அவசர வேலைகளைத் தவிர மற்றவற்றைத் தொடமாட்டார்கள். குற்றாலச் சீசனிலும் ஆயுத பூஜையை ஒட்டிய நாள்களிலும் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. வேலைக்கூலியும் அக்கம்பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் செய்த வேலையையே மறுபடி செய்யச் சொல்லி வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகும் நிலை எனக்கு அங்கே வந்ததில்லை என்பதால், அந்தக் கூடுதலை நான் மனமுவந்து தருகிறேன்.

அக்கினி நட்சத்திர நாள்களில் முதல் பிரிவினர் 6.30-க்கே தொடங்கி, உச்சி வெயிலில் நீண்ட இடைவேளை எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது வண்டியை விடுகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் எந்தெந்த வேலைகள் தேவை என்பதை மெக்கானிக்கோடு நின்று பேசி முடிவு செய்யலாம். பெரிய வேலைகளுக்குச் செவ்வாயோ புதனோ கேட்டுப் பதிவு செய்வது நல்லது. சனிக்கிழமை தொடங்கும் வேலைக்கு ஸ்பேர் கிடைக்காமல் போனால் வண்டி திங்கள்வரை லிஃப்டிலேயே நிற்கும்.