வரங்களைக் கண்டறியும் பயிற்சி வகுப்பு: வெள்ளவத்தையில் பங்குபற்றிய ஒருவரின் மதிப்பீடு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள ஆலய மண்டபத்தில், ஆவிக்குரிய வரங்களை, அதாவது பிறருக்குப் பணிசெய்யப் பரிசுத்த ஆவியானவர் விசுவாசிகளுக்கு அருளும் திறன்களை, கண்டறிந்து சபைப் பணியில் ஈடுபடுத்துவதற்கான பயிற்சி வகுப்பு அண்மையில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் நடைபெற்றது. மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து வந்தவர்களோடு நானும் பங்குபற்றினேன். முதலில் வேதபாடம், அடுத்து ஒவ்வொருவரின் வரம் எதுவென்று புள்ளியிட்டுக் காணும் கேள்விக்கொத்து, அதன்பின் ஒவ்வொருவரும் ஒரு பணியில் சில வாரங்கள் பழகிப் பார்த்தல் என்று வகுப்பு அமைந்திருந்தது. விளம்பரத்தில் பெரிதாகப் போடப்பட்டிருந்தது கேள்விக்கொத்துத்தான். ஆனால் கொடுத்த பணத்துக்குப் பயன் தந்தது இறுதியாக வந்த பழகுகாலமே.

வேதபாடம் சிறப்பாகவே இருந்தது. ரோமர் 12ஆம் அதிகாரத்தில் ஏழு வரங்கள் வருகின்றன; 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தின் 8 முதல் 10 வரையான வசனங்களில் ஒன்பது வருகின்றன; 1 பேதுரு 4ஆம் அதிகாரமோ போதித்தல், உதவிசெய்தல் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் எதையும் முழுமையானதென்று கொள்ள முடியாது என்பதையும், கொரிந்து சபையார் தங்கள் வரங்களைப் பற்றிப் பெருமைபாராட்டிப் பிளவுபட்டிருந்த நிலையில்தான் பவுல், சபை பல அவயவங்கள் கொண்ட ஒரே சரீரம் என்று எழுதினார் என்பதையும் போதகர் பொறுமையாக விளக்கினார். ஆனால் அந்நிய பாஷை (கற்றறியாத மொழியில் ஆவியின் ஏவுதலால் பேசுதல்), குணமாக்குதல் ஆகிய வரங்களை அவர் தொடவேயில்லை. அவை இயேசுவின் முதல் தூதர்களான அப்போஸ்தலரின் காலத்தோடு ஓய்ந்தன என்போரும் இன்றும் உண்டு என்போரும் ஒரே மண்டபத்தில் இருந்தபடியால் அவருடைய தயக்கம் விளங்குகிறது. எனினும் அதை விண்ணப்பப் படிவத்திலேயே சொல்லியிருந்தால், பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வந்த இளைஞர்கள் கடைசிவரை காத்திருந்து ஏமாந்திருக்க மாட்டார்கள்.

கேள்விக்கொத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வெளிநாட்டில் தயாரித்த படிவத்தை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள் போலும். வீட்டின் விருந்தினர் அறையைப் பிறருக்குக் கொடுப்பீர்களா என்று அது கேட்கிறது. தொடர்மாடியில் இரண்டு அறைகளுக்குள் மாமியாரையும் ஊரிலிருந்து படிக்க வந்த மருமகனையும் வைத்துக் குடும்பம் நடத்துபவர் இதற்கு எத்தனை புள்ளி போடுவது? அதைவிடப் பெரிய குறை, பெரும்பாலான கேள்விகள் ஒருவருக்கு எது பிடிக்கும் என்பதையே விசாரிக்கின்றன. அவர் செய்ததால் பிறருக்கு என்ன நன்மை விளைந்தது என்பதை விசாரிப்பதில்லை. பிரசங்கம் செய்ய ஆசைப்படுபவருக்குப் போதிக்கும் வரம் என்று விடை வந்துவிடுகிறது.

பழகுகாலத்தில் இதன் பலவீனம் தெளிவாகத் தெரிந்தது. போதித்தலில் மிக அதிக புள்ளி பெற்ற ஒருவர் ஞாயிறு பாடசாலையில் நோவாவின் பேழையைப் பற்றிப் பேசத் தொடங்கிச் சற்று நேரத்துக்குள் பிள்ளைகள் வாங்குக்கு அடியில் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். மாறாக, இரக்கஞ்செய்தலில் மிகக் குறைந்த புள்ளி பெற்ற ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், மகரகம அபேக்ஷா புற்றுநோய் மருத்துவமனைக்கு மலையகத்திலிருந்து வரும் நோயாளிகளுக்கு உதவும் குழுவோடு சென்றார். ஆறுதல் வார்த்தை பேச அவருக்கு வராது. ஹற்றன் பக்கமிருந்து வந்த ஒரு தாயாரின் கிளினிக் கொப்பியை வாங்கி, அடுத்த திகதியையும் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதையும் சிங்களத்தில் விசாரித்து, பெரிய தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அடுத்த தடவை அந்தத் தாயார் வந்திறங்கியதும் அவரைத்தான் தேடினாராம். எந்தக் கேள்விக்கொத்தும் இதைக் கண்டுபிடித்திருக்காது; கூடப் போன குழுவினர் கண்டுகொண்டார்கள்.

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். நிருவாகத்தில் உயர்ந்த புள்ளி பெற்ற பெண்கள் பலர் இருந்தும், பழகுகாலத்தில் அவர்களுள் அநேகர் தேநீர் மேசைக்கே அனுப்பப்பட்டார்கள்; கணக்கும் கூட்ட ஒழுங்கும் வழக்கம்போல ஆண்களிடமே போயின. உபசரணை சிறிய பணி அன்று. ஆனால் கணக்காய்வாளராக வேலை செய்யும் ஒருவரைப் பிளேன்டீ ஊற்ற வைத்துவிட்டு, சபைக் கணக்கைப் பார்க்க ஆளில்லை என்று அறிவித்தல் வாசிப்பதில் நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

கட்டணம் அதிகமில்லை, பாடக்குறிப்புகளும் மாலைத் தேநீரும் மீன் பணிஸும் அதற்குள் அடங்கும். மண்டபத்தில் பின்வரிசைக்கு ஒலிபெருக்கி சரியாகக் கேட்காது என்பதால் முன்னே அமர்வது நல்லது. 100, 101ஆம் இலக்க பஸ்களில் வந்து இறங்கி நடந்தே போகலாம். இதுவரை சபையில் எந்தப் பொறுப்பும் எடுக்காதவர்களுக்கு இவ்வகுப்பு மிகவும் ஏற்றது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள், ஒழுங்கமைப்பாளர்களைக் கேட்டுப் பழகுகாலத்துக்கு மட்டும் பதிவுசெய்து கொள்ளலாம்.