அதிர்ற மெஷினுக்கு கிரீஸா, ஆயிலா?

"மெஷின் அதிருதா, நல்லா கெட்டியான கிரீஸா பாத்து அடி"ன்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றத கேட்டிருப்பீங்க. சில இடத்துல அது சரி, சில இடத்துல பேரிங் போறதே அந்த கெட்டி கிரீஸாலதான். அதனால கிரீஸா ஆயிலான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க, ஷாஃப்ட் சுத்திக்கிட்டே அதிருதா, இல்ல நின்ன இடத்துலயே அதிருதா?

சுத்துற பேரிங்ல பாலுக்கும் (உருண்டைக்கும்), அது ஓடுற வளையமான ரேஸுக்கும் நடுவுல இருக்குற ஆயில் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் கூட வராது, ஆனா லோடு ஏறுறதால அது லேசுல கிழிஞ்சிடாது. ஹாம்ராக், டௌசன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1977ல படலத்தோட தடிமனுக்கு குடுத்த ஃபார்முலாவுல போட்டுப் பாருங்க, லோடு ரெண்டு மடங்கானா படலம் சுமார் 5 சதவீதம்தான் மெலியுது, வேகம் பாதியானா 38 சதவீதம் போயிடுது. (லோடு ஏறுனா மெட்டல் ஃபெடீக் ஆகுறது, அதாவது திரும்பத் திரும்ப அழுந்தி களைச்சு விரிசல் விடுறது, தனிக் கணக்கு.) ஆக, ஆயில உள்ள இழுத்துட்டு வர்ற அந்த சுழற்சி நின்னு போனாதான் படலத்துக்கு பெரிய ஆபத்து.

அது நடக்குற எடம், அவசரத்துக்குன்னு ஓடாம நிறுத்தி வச்சிருக்குற ஸ்டாண்ட்பை பம்ப். பக்கத்துல ஓடுற பம்போட அதிர்வு ஃபவுண்டேஷன் வழியா இதுக்கும் வருது, பால் மைக்ரான் கணக்குல முன்ன பின்ன அசையுது, அந்த அசைவு புது ஆயில இழுக்க பத்தாது, ஆனா இருக்குறத ஓரத்துக்கு தள்ளிடுது, அப்புறம் இரும்பும் இரும்பும் உரசி வர்ற துகள் துருப்பிடிச்சு இன்னும் தேய்க்க ஆரம்பிக்குது. கழட்டிப் பாத்தா ரேஸ்ல, பாலுக்கு பால் என்ன இடைவெளியோ அதே இடைவெளியில வரிசையா பள்ளம், கிரீஸ்ல செம்பழுப்பு பொடி. ஃபால்ஸ் பிரினெலிங்னு பேரு. 1930கள்ல அமெரிக்காவுல புது காருங்கள ரயில்ல ஏத்தி அனுப்புனப்ப, ரோட்லயே ஓடாத வண்டியோட வீல் பேரிங் இப்படித்தான் போச்சு.

இந்த இடத்துல என் ஓட்டு, பேரிங் ஆயில்ல முங்கி நிக்கிற 'ஆயில் பாத்' (oil bath) முறைக்குத்தான். லெவல் கீழ் பாலோட நடு வரைக்கும் நிக்கிறதால லோடு தாங்குற பால் ஆயில்லயே இருக்கு, ஒதுங்குன ஆயில் தானா ஓடி வந்துரும். கிரீஸ் ஒதுங்குனா ஒதுங்குன எடத்துலயே கெடக்கும். கிரீஸ்தான் போட்டாகணும்னா அதுக்குள்ள இருக்குற பேஸ் ஆயில் மெல்லிசா, ஆயில் நல்லா கசியுற ரகமா எடுங்க. சப்ளையர்கிட்ட ஏஎஸ்டிஎம் டி4170ங்கிற அமெரிக்க தர நிர்ணய டெஸ்ட்டோட ரிசல்ட் கேளுங்க, த்ரஸ்ட் பேரிங்க 12 டிகிரிக்குள்ள வினாடிக்கு 30 தடவ 22 மணி நேரம் ஆட்டி எவ்வளவு எடை தேஞ்சிருக்குன்னு பாக்குற டெஸ்ட், நம்பர் கம்மியா இருக்கணும். எதப் போட்டாலும் அப்பப்ப ஷாஃப்ட கையால ஒன்னேகால் சுத்து சுத்தி விடுங்க, அத விட்டுட்டா 'ஆயில் பாத்' கூட முழுசா காப்பாத்தாது.

குவாரி கிரஷர்ல ஜல்லி சலிக்கிற ஸ்கிரீன் இதுக்கு நேர் எதிர். ஷாஃப்ட் நல்ல வேகத்துல சுத்துறதால படலம் தானா உருவாகிடும், இங்க அடி வாங்குறது கிரீஸே. அதிர்வுல, கிரீஸ்குள்ள ஆயில புடிச்சு வச்சிருக்குற சோப்பு நார் உடைஞ்சு கிரீஸ் இளகி சீல் வழியா ஒழுக ஆரம்பிக்கும், பம்புக்கு நல்லதுன்னு சொன்ன அந்த மெல்லிசு ரகத்த இங்க போட்டா இன்னும் சீக்கிரம் காலி. ஆயில் சூட்ட நல்லா எடுக்கும்தான், ஆனா சீல் லேசா போனாலும் ஆயில் வெளிய, கல் தூசி உள்ள. தினமும் லெவல் பாக்க ஆள் இருந்தா ஆயில் போடலாம். நம்ம ஊர் கிரஷர் தூசியில நான் கிரீஸத்தான் சொல்வேன், வளைஞ்சு வளைஞ்சு போற இடுக்கு இருக்குற லேபரிந்த் சீல்ல நெறஞ்சு நின்னு தூசிய மறிக்கிறது அதுதான். சாதா லித்தியம் கிரீஸ விட கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளக்ஸ்ங்கிற கிரீஸ் ரகம் அடி தாங்கும், விலை கூடத்தான், ஆனா இந்த ஸ்கிரீன்ல இருக்குற ஒரு ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங் விலைய பக்கத்துல வச்சு பாருங்க.

கியர்ல பெரும்பாலும் ஆயில்தான், அதனால போட்டி கம்மி. ஆனா நின்னு ஆடுற ஆபத்து அங்கயும் உண்டு. முப்பந்தல் பக்கம் காத்து சீசன் முடிஞ்சு நிக்கிற காத்தாடியில ரோட்டர லாக் பண்ணி வச்சா பல்லு ஒரே எடத்துல ஆடி ஆடி கோடு விழும், விஜி 320ங்கிற கெட்டியான கியர் ஆயில் ஃபுல்லா இருந்தாலும் சரி. லாக் பண்ணாம மெதுவா சுத்த விடுறது நல்லது.

கிரீஸ் ரகம் மாத்துறவங்க பழசு மேலயே புதுச அடிச்சிடாதீங்க. மோட்டார் பேரிங்ல பாலியூரியா ரக கிரீஸ் இருந்து அதுமேல லித்தியம் கிரீஸ் போனா பல சமயம் ஒத்துக்காம ரெண்டும் இளகி ஓடிரும், கழுவிட்டு போடுங்க.