குன்னூர் மழைக்கு எந்தப் பூச்செடி: ரோஜாவா, ஹைட்ரேஞ்சியாவா, அசேலியாவா?

குன்னூரில் எங்கள் வீட்டு முன்புறம் உள்ள 20 அடிப் பாத்தியை இந்த ஆண்டு புதிதாக அமைக்க வேண்டியிருக்கிறது. அதில் இருந்த ஒட்டு ரோஜாக்களில் பாதி, சென்ற ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையெல்லாம் உதிர்ந்து வெறுங் குச்சிகளாகிவிட்டன. மீண்டும் ரோஜாவையே வைப்பதா, ஹைட்ரேஞ்சியாவுக்கு மாறுவதா, அசேலியாவை முயல்வதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. சித்திரையில் பூத்து நிற்கும்போது பார்த்துத் தீர்மானித்தால் ரோஜாவே வெல்லும் என்பதால், ஐப்பசியில் ஒவ்வொரு செடியும் எந்த நிலையில் இருந்தது என்பதை முன்வைத்தே மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

ஊட்டியின் அனுபவத்தை அப்படியே குன்னூருக்குக் கொண்டுவர இயலாது. ஊட்டி நம்மைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு தென்மேற்குப் பருவமழையும் மார்கழி, தை மாதத்து உறைபனியும் பெரிது, இங்கு வடகிழக்குப் பருவமழை பெரிது. நூறாவது மலர்க் கண்காட்சியையொட்டி 1995இல் எல்க் மலைச் சரிவில் அமைக்கப்பட்ட ரோஜாப் பூங்காவைக் கண்டு ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் அங்கு படிப்படியாக வெட்டிய திறந்த வெயில் சரிவும், ஆண்டு முழுவதும் கவனிக்கும் ஆட்களும் இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ரோஜாவின் முதல் எதிரி மழை அல்ல, காயாத இலை. கரும்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சை, இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் உள்ளே புகுந்துவிடும். பகல் முழுவதும் மூடுபனி நிற்கும் ஊரில் ஏழு மணி நேரம் என்பது ஒரு பொருட்டே அன்று. மாசி, பங்குனியில் பகல் காய்ந்து இரவு ஈரமாக இருக்கும்போது சாம்பல் நோய் வருகிறது; ஆக ஒன்று ஓயும் காலத்தில் மற்றொன்று தொடங்குகிறது. கோடை மழை பெய்தால் அடுக்கிதழ் மொட்டுகளின் வெளியிதழ்கள் ஒட்டிக்கொண்டு, மொட்டு விரியாமலே பழுப்பேறி அழுகுகிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை தெளித்தால் நோய் மட்டுப்படும், ஆனால் பெருமழைக்குப் பின் மறுபடி தெளிக்க வேண்டும். இதற்கு மேல் மண்ணின் புளிப்பும் சேர்கிறது: ரோஜா 6 முதல் 6.5 வரையிலான கார அமில நிலையை (pH; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) விரும்புகிறது, தேயிலை தழைக்கும் நம் மண்ணோ பெரும்பாலும் 5ஐ ஒட்டியே நிற்கிறது. டோலமைட் என்னும் சுண்ணாம்புக் கல் தூளை இட்டுச் சரிசெய்யலாம். மழை அதைக் கரைத்துக்கொண்டு போக, சில ஆண்டுகளில் மீண்டும் இட வேண்டியதுதான்.

ஹைட்ரேஞ்சியாவுக்கு இதே புளிப்பு மண்தான் மூலதனம். கார அமில நிலை 5.5க்குக் கீழே இருக்கும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகிறது, 6.5ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பாகிறது. எங்கள் பின்வாசலில் ஒரே தாய்ச்செடியிலிருந்து நறுக்கி நட்ட இரண்டில், சரிவில் உள்ளது நீலமாகவும், சுவரின் சுண்ணாம்பு கசியும் அடித்தளத்தை ஒட்டியது இளஞ்சிவப்பாகவும் பூக்கின்றன. வெள்ளை வகைக்கு இந்த மாற்றம் கிடையாது. நாம் இதழ் என்று நினைப்பவை உண்மையில் புல்லிதழ்கள் என்பதால், மழையில் நனைந்தாலும் வாரக்கணக்கில் நிலைக்கின்றன. நீர் ஏறிய பூங்கொத்துகள் கனம் தாங்காமல் மண்ணில் சாய்வது மட்டுமே மழைக்காலத் தொல்லை. குறைகளும் உண்டு. மாசி, பங்குனி வெயிலில் நண்பகலில் துவண்டுவிடும். தண்ணீர் ஊற்றியாக வேண்டும். ரோஜாவைப் போலத் தை மாதத்தில் ஒட்ட வெட்டிவிட்டால் அந்த ஆண்டு பூவே இராது, ஏனெனில் முந்தைய ஆண்டுக் கிளைகளில்தான் மொட்டு ஒளிந்திருக்கிறது. பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்வதே முறை. தவிர, மணமில்லை; பூசைக்கும் தலைக்கும் உதவாது. இந்தக் குறையை என் தாயார் சொன்னபோது எனக்கு மறுமொழி இருக்கவில்லை.

அசேலியாவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சோலைக் காடுகளில் சிவந்து பூக்கும் காட்டுப் பூவரசின் (ரோடோடென்ட்ரான்) இனம் இது. புளிப்பு மண்ணுக்கும் மூடுபனிக்கும் பழகியது. ஆனால் வேர் மேலாகவே படர்வதால் அடியில் கொத்தக் கூடாது, நீர் தேங்கினால் அழுகிவிடும், வளர்ச்சி மெதுவானது, பூப்பதும் இரண்டு மூன்று வாரம்தான். இலையைக் கால்நடை தின்றால் நஞ்சு என்பதால் வேலியோரத்தில் வைக்கவும் தயக்கமாக உள்ளது.

மூன்றையும் ஒரே பாத்தியில் கலந்து வைக்கலாமே என்று கேட்பார்கள். ரோஜாவுக்காக டோலமைட் இட்டால் ஹைட்ரேஞ்சியாவின் நீலம் போய்விடும், அசேலியாவின் இலை மஞ்சளாகும். இடாவிட்டால் ரோஜா நலிவடையும். ஆகவே பாத்தி ஒன்றுக்குத்தான், அது ஹைட்ரேஞ்சியாவுக்கு என்பதே என் முடிவு. ஆனி மழை தொடங்கியதும் பின்வாசல் நீலச் செடியிலிருந்து பூக்காத கிளைகளை நறுக்கி மணல் கலந்த மண்ணில் ஊன்றப் போகிறேன். நாற்றுச் செலவு இல்லை. பாத்தியின் கீழ்க்கோடியில் நீர் வடியும் மேட்டில் இரண்டு அசேலியா, மக்கிய இலையெருவோடு, ஒரு பரிசோதனையாக மட்டும். தப்பிய ரோஜாக்களில் மூன்றைத் தை மாதக் கவாத்தோடு பெயர்த்து, காலை வெயில் விழும் கிழக்குச் சுவரோரம், மழை நேரே படாத கூரை நீட்சியின் கீழ்த் தொட்டிகளுக்கு மாற்றுவோம். அவற்றோடு ஒரு பன்னீர் ரோஜாவும் இருக்கும், அது பூசைக்கு.