ஊருணிக்கரை சைக்கிள் பாதை: சுற்றலாம், எங்கேயும் போக முடியாது

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும், அவ்வளவுதான். பெயரைப் போட்டால் பாதையின் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் என் நாத்தனார் வீட்டுக்காரருக்குத்தான் சங்கடம். அவர் தினமும் அந்த அதிகாரிகளுக்கு டீ கொடுக்க வேண்டியவர்.

கோயிலுக்கு எதிரில் இருக்கும் ஊருணியைச் சுற்றி நடைபாதையும் அதை ஒட்டி சைக்கிள் பாதையும் போட்டுத் திறந்திருக்கிறார்கள். வாசலிலேயே வாடகை சைக்கிள் கவுண்டரும் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். போக வர சைக்கிள்தான். ஸ்கூட்டி வாங்கச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரித்தும் மாறவில்லை. அதனால் இந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன். மதிப்பெண் கேட்டால் வாடகை சைக்கிளுக்கு ஐந்துக்கு நாலு, பாதைக்கு ஐந்துக்கு இரண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய், ஆதார் நகல் ஒன்று கொடுத்தால் போதும். வண்டிகள் புதிது. பார் வைத்தது, பார் இல்லாதது, சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் வைத்தது என்று எல்லாம் இருக்கிறது. கவுண்டரில் இருக்கும் தம்பி பொறுமைசாலி. "அக்கா, சீட்டை இறக்கித் தரவா?" என்று கேட்டு, ஸ்பேனரை எடுத்து, நம்மை உட்கார வைத்துக் கால் எட்டுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புகிறான். பிரேக் இரண்டு பக்கமும் பிடிக்கிறது. பெல் மட்டும் பாதி வண்டிகளில் இல்லை, பிள்ளைகள் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்களாம். சில வண்டிகளில் கியர் இருக்கிறது. எதற்கென்று தெரியவில்லை, எங்கள் ஊரில் மேடு என்றால் ஊருணிக் கரை ஒன்றுதான்.

இனி பாதை. நீல வண்ணம் அடித்த பேவர் பிளாக். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கல்லின் இடுக்கிலும் சக்கரம் தட்டிக்கொண்டே போவதால் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை மரத்துவிடுகிறது. சைக்கிளுக்குத் தார் போட்டிருக்கலாம், வழவழப்பில்லாத சிமெண்ட் தளம் போட்டிருக்கலாம். பேவர் பிளாக் நடக்கிறவர்களுக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் சரி, டயருக்குச் சரிப்படாது. மழை பெய்தால் அந்த நீலப் பெயிண்ட் வழுக்குகிறது, திருப்பத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போவதே நல்லது.

அகலத்தையும் டேப் வைத்து அளந்து பார்த்தேன். வாசலில் இரண்டு மீட்டர் இருக்கிறது. ரோடு போடுவதற்கான விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே சைக்கிள் பாதைக்கென்று விதிமுறை எழுதி, அகலம் இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது என்று வைத்துவிட்டது. 2015-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். ஆக, வாசல் வரைக்கும் விதிப்படிதான். அப்புறம் டிரான்ஸ்பார்மர் வருகிற இடத்தில் பாதை ஒரு மீட்டருக்குச் சுருங்குகிறது. எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டு ஹேண்டில்பாரும் மோதிக்கொள்ளும். யாராவது ஒருவர் நடைபாதையில் ஏறித்தான் ஆக வேண்டும், அங்கே நடக்கிறவர்கள் முறைப்பார்கள்.

அந்த டிரான்ஸ்பார்மரும் தாமதத்தின் மிச்சம்தான். அடிக்கல் நாட்டியபோது வைத்த பலகையில் ஏழு மாதத்தில் முடியும் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு மூன்று தீபாவளி போனது. கம்பங்களை மாற்ற ஒரு துறை பணம் கட்டச் சொன்னது, பணம் கட்ட வேண்டியது நாங்களில்லை என்று இன்னொரு துறை கடிதம் எழுதியது. கடைசியில் கம்பங்கள் மட்டும் நகர்ந்தன, டிரான்ஸ்பார்மர் நகரவில்லை. நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை. கொட்டிவைத்த மணலைக் கரைத்துக்கொண்டு போனது போக, மிச்சத்தை யார் அள்ளினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஆனால் ஒரு தாமதத்துக்கு மட்டும் நான் முழு மதிப்பெண் போடுவேன். ஊருணிக்குத் தண்ணீர் வருவது மேற்கே இருக்கும் பொட்டலிலிருந்து ஒரு வரத்துக்கால் வழியாக. ஆறும் இல்லாத, பெரிய கால்வாயும் இல்லாத இந்தச் சீமையில் பெய்கிற மழையைப் பிடித்து வைப்பதற்கென்றே பாட்டன் பூட்டன் காலத்தில் வெட்டியது அது. பாதைக்காக மண் கொட்டி உயர்த்தியபோது, வரத்துக்காலின் குறுக்கே ஒரு சின்ன சிமெண்ட் குழாயை வைத்து மூடப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் போய் மறித்துவிட்டார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் நாற்காலி போட்டு அந்தக் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். "குழாய்ல சருகு அடைச்சா யாருப்பா உள்ள போயி எடுக்கிறது? நீ போவியா?" என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டார். அவரிடம் பதில் இல்லை. வேலை நின்றது. மாதக்கணக்கில் நின்றது. திரும்பத் திட்டம் போட்டு, ஆள் குனிந்து உள்ளே போகிற அளவுக்குச் சதுரப் பாலமாகக் கட்டினார்கள். போன மழைக்கு ஊருணி நிறைந்து கலுங்கு வழியாகத் தண்ணீர் வெளியே போனதைப் பார்த்தோம். அந்த ஆச்சி காலையில் இப்போது நடப்பது சைக்கிள் பாதையில்தான். பெல் அடித்தாலும் ஒதுங்க மாட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

சரி, பிறகு ஏன் இரண்டு மதிப்பெண்? பாதை எங்கேயும் போகவில்லை, அதுதான் என் குறை. வாசலில் ஏறி ஊருணியைச் சுற்றினால் அதே வாசலில் இறங்க வேண்டும். வெளியே வந்தால் பழைய ரோடுதான்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். 1991-ல் அங்கே பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முன்னால் நின்றார். கல்லுடைக்கிறவர்கள், களையெடுக்கிறவர்கள், நர்சுகள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் வாடகை வண்டியில் விழுந்து எழுந்தவள்தான். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான். பிள்ளைக்காரிகளுக்கு அதுவே வசதியாகிப் போனது, பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட மைதானத்தில் வட்டமடித்தது கற்றுக்கொள்கிற வரைக்கும்தான். பிடி கிடைத்த அடுத்த நாளே கல்குவாரிக்கு, சந்தைக்கு, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பிவிட்டார்கள். கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வருவார்கள். முப்பது வருஷம் கழித்து எங்களுக்கென்று ஒரு பாதை போட்டு, திரும்பவும் வட்டமடிக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வருமா வராதா?

என்னை விடுங்கள், பள்ளிப் பிள்ளைகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2001-02-ல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் என்று விரிந்தது. பிள்ளை கையில் வண்டியைக் கொடுத்தாயிற்று, அது ஓட இடம்? எங்கள் மேல்நிலைப் பள்ளி ஊருக்கு வெளியே பெரிய ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. சுற்றுப்பட்டி கிராமங்களிலிருந்து காலை எட்டரைக்கு வரிசையாகச் சைக்கிளில் வருகிறார்கள். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் அரை அடி பள்ளம். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்க வேண்டும், இறங்கினால் சறுக்கும். கேரியரில் தோழியை வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் தவிப்பதைத் தினமும் பார்க்கிறேன். ரோட்டின் இரண்டு பக்கமும் புறம்போக்கு சும்மாத்தான் கிடக்கிறது, சீமைக்கருவேலம் மண்டிப்போய். அங்கே ஒரு பாதை போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருக்காது.

எங்கள் ஊர் மட்டும் இப்படியென்று சொல்ல மாட்டேன். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கை கொண்டுவந்தது, போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை இதற்கே செலவிட வேண்டும் என்று அதில் எழுதியது. சென்னையில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த 60 எங்கே போனது என்ற கேள்வி வரும். ஹைதராபாத்தில் 2023-ல் வெளிவட்டச் சாலை ஓரமாக 23 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை திறந்தார்கள், மேலே சூரிய மின்தகடு கூரை. வெயில் படாமல் ஓட்டலாம், அருமையான யோசனைதான். ஆனால் நகரத்துக்குள்ளே வேலைக்குப் போகிறவருக்கு அது வழியில் வருகிற பாதையா? அங்கேயும் பாதை உடற்பயிற்சிக்குத்தான். வண்டியில் ஏறுகிறவருக்குப் போக வேண்டிய ஓர் இடம் இருக்கிறது என்பதையே பாதை போடுகிறவர்கள் நினைப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பக்கத்தில் பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பம்தான் 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கேயிருந்து வந்தவை. நாட்டுக்கே சைக்கிள் செய்து கொடுத்தவர்களின் சீமையில் சைக்கிளுக்கு இருக்கிற ஒரே தனிப் பாதை, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான ஊருணி வட்டம்.

பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கரையில் கருவேல முள். வெட்டிய கிளைகளை இழுத்துக்கொண்டு போனவர்கள் முள்ளைக் கூட்டவில்லை. வாசலுக்கு எதிரே பஞ்சர் ஒட்டும் அண்ணனிடம் நானும் போய் நின்றேன். டியூபை உருவி, காற்றடித்து, தகர டப்பா தண்ணீரில் அழுத்திக்கொண்டே வந்தார். நான்கு இடத்தில் குமிழி வந்தது. ஒவ்வொன்றிலும் காப்பிங் பென்சிலால் வட்டம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டினார். பிறகு டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, ஒடிந்து நின்ற முள்ளை நகத்தால் கிள்ளி எடுத்துக் காட்டினார். "பாதை தொறந்ததுல இருந்து நமக்கு நல்ல வியாபாரம்மா" என்றார். அவர் ஒருவருக்குத் திட்டம் வெற்றி.

எப்போது போகலாம்? காலை ஏழு மணிக்கு முன்னால். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் ஒரு பக்கம் வத்தலும் நெல்லும் காய வந்துவிடும். நீலக் கல் சூடு நன்றாகப் பிடிக்கிறதாம், வத்தல் சீக்கிரம் காய்கிறதாம். மாலையில் பிள்ளைகள் கூட்டம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடைக்காது. குழந்தைகளுக்குச் சைக்கிள் பழக்க இதைவிட நல்ல இடம் சுற்று வட்டாரத்தில் கிடையாது, அதில் சந்தேகமே இல்லை. அதற்குத்தான் அந்த இரண்டு மதிப்பெண்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வேறொரு யோசனை. கவுண்டரில் வண்டியை எடுத்துக்கொண்டு பாதைக்குள் போகாதீர்கள், ஊருக்குள் போங்கள். இங்கே தெருக்கள் நூல் பிடித்துப் போட்டவை. வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில். காலையில் பெரிய வீடுகளின் மதில் நிழல் தெருவில் பாதியை மறைத்துவிடும், அந்தப் பக்கமாகவே ஓட்டலாம். கார் வருவது அபூர்வம், தெரு அகலம், திருப்பத்தில் எதிரே வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும். கானாடுகாத்தான் பக்கம் போனால் விருந்தினர் விடுதிகளில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் சுற்றுவதைப் பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் 2014-லிருந்து இருக்கின்றன. அந்தப் பட்டியலுக்காக ஆகிற செலவில் கொஞ்சத்தை இந்த ஊர்களை இணைக்கும் ரோட்டோரத்துக்குத் திருப்பினால் சுற்றுலாவுக்கும் ஆச்சு, பள்ளிக்கும் ஆச்சு.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தம்பியிடம் இரண்டாம் கட்டப் பணி எப்போது என்று கேட்டேன். டெண்டர் விட்டாச்சு அக்கா என்றான். பள்ளிக்கூட ரோடா என்றேன். இல்லையாம். செல்ஃபி எடுக்க ஒரு மேடை, கலர் லைட், அப்புறம் வடக்கே இருக்கும் சின்ன ஊருணியைச் சுற்றி இன்னொரு பாதை.