சாம்பல்தீவுச் சந்திக் கீரைக் கொட்டில்

திருகோணமலையில் 14 வருடங்களாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். என்னிடம் வரும் பெண்களைக் களிம்பு வாங்க அனுப்புவதற்கு முன், நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுச் சந்திக்கு அருகே இருக்கும் ஒரு கிடுகுக் கொட்டிலுக்குத்தான் அனுப்புகிறேன்.

பெயர்ப்பலகை இல்லாத மரக்கறிக் கடை அது. பின்னால் ஆட்டெரு போட்டுக் கிணற்று நீர் பாய்ச்சும் மணல் தோட்டம். ஓர் அம்மாவும் மகனும் விடியுமுன் பறித்து, ஆறு மணிக்குச் சாக்கில் பரப்பிவிடுவார்கள். கத்தரிக்காய்க் காம்பின் முள் விரலில் குத்தும். பொன்னாங்காணி வேரில் ஈரமணல் ஒட்டியிருக்கும். தம்புள்ளையிலிருந்து லொறியேறி வரும் மரக்கறியில் இந்த ஈரத்தைப் பார்க்க முடியாது. கீரை காத்திருக்கக் காத்திருக்க அதிலுள்ள விற்றமின் சி குறைந்துகொண்டே போகும். தோலைத் தாங்கும் கொலாஜன் உருவாக அந்தச் சத்துத்தான் வேண்டும்.

போன வருடம் ஒரு மணப்பெண் கொத்துக்கொத்தாக முடி கொட்டுகிறது என்று எண்ணெய் கேட்டு வந்தாள். மெலிவதற்காகப் பட்டினி கிடந்திருக்கிறாள். அப்படிக் கிடந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி உதிரத் தொடங்கும்; அதனால் யாருக்கும் காரணம் பிடிபடுவதில்லை. நகங்கள் வெளிறியிருந்தன. இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன், இரும்புச்சத்துக் குறைவு. மருத்துவர் கொடுத்த மாத்திரையோடு முருங்கையிலையும் சாப்பிடட்டும் என்று இங்கே அழைத்து வந்தேன். "பிள்ளை, வறையை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடு" என்றார் அம்மா. புளி சேர்ந்தால் இலையிலுள்ள இரும்பை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். அவர் அதைத் தன் தாயிடம் ருசிக்காகக் கற்றவர். திருமணத்தன்று அவளுக்குப் பொய்முடிதான் வைத்தேன். கொட்டுவது முழுதாக நிற்க ஐந்து மாதம் பிடித்தது.

நிறம் வெளுக்கும் என்று எண்ணி யாரும் இங்கே வர வேண்டாம். வெளுக்க வைக்கிறோம் என்று விற்கும் சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் கறுப்புக்கு ஒரு குறையும் இல்லை.

பூசணியைக் கட்டாயம் வாங்குங்கள். தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுங்கள், அதன் மஞ்சள் சத்து கொழுப்போடுதான் உடலில் சேரும். வல்லாரை ஒரு கட்டு 100 ரூபாய். முற்றியிருந்தால் அம்மாவே தரமாட்டார்.

குறை என்றால், எட்டு மணிக்குள் கீரை தீர்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மாரியில் தோட்டத்தில் வெள்ளம் நிற்பதால் கொட்டில் பல நாள் பூட்டு. அந்த இரண்டு மாதம் எனக்கும் முருங்கையிலைதான், அதுவும் அயல்வீட்டு மரத்தில்.