சுங்கை சிப்புட் பயணம்: தாத்தாவோட துப்பாக்கிக் குழலுக்கு மெருகு போட்ட அனுபவம்

மூணு வாரம் லீவு எடுத்துட்டு மெல்பர்ன்லேர்ந்து மலேசியாவுல இருக்குற எங்க ஊரு சுங்கை சிப்புட் போயிட்டு வந்தேன். பேங்க் வேலை, அம்மாவோட கண் ஆபரேஷன் ரெண்டும் நல்லபடியா முடிஞ்சுது, அதுல சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. தாத்தாவோட துப்பாக்கி விஷயத்ததான் எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா இந்த மாதிரி பழைய சாமான் இன்னும் சில தோட்டத்துக் குடும்பங்கள்ல இருக்கு, தெரியாத கைல குடுத்தா ஒரே நாள்ல நாசமாயிரும்.

தாத்தா கங்காணியா இருந்தவரு. சீமைக்குத் திரும்பிப் போன துரைகிட்ட வாங்குன ரெட்டைக்குழல் துப்பாக்கி, செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்ன காட்டுப்பன்னி தோண்டாம இருக்க ராக்காவலுக்கு எடுத்துட்டுப் போவாரு. 1948ல கம்யூனிஸ்ட்காரங்க துரைமார சுட்டு மலாயா எமர்ஜென்சி ஆரம்பிச்ச ஊரு எங்க ஊரு, அதனால துப்பாக்கின்னா பெரியவங்க இன்னமும் குரலத் தாழ்த்திதான் பேசுவாங்க. லேசன் (லைசென்ஸ்) இப்ப மாமா பேர்ல இருக்கு. நம்ம நாட்டுல இதுக்கு 1960 ஆயுதச் சட்டம், அதுக்கு மேல தண்டனைய இன்னும் கூட்டுன 1971 சட்டம், லேசன் இல்லாம வச்சிருந்தா ஜெயிலோட ரோத்தான் (பிரம்பு) அடியும் உண்டு. அதனால கடைசி வரைக்கும் நான் அத கையில எடுக்கவேயில்ல, தூக்குறது குடுக்குறது எல்லாம் மாமாதான்.

குழல் டமாஸ்கஸ் குழல். இரும்புக் கம்பியும் எஃகுக் கம்பியும் மாத்தி மாத்தி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி ஒட்ட அடிச்சு, முறுக்கி, அந்த முறுக்குன கம்பிய ஒரு தண்டு மேல சுத்திச் சுத்தி அடிச்சுக் குழலாக்குவாங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ் துப்பாக்கிக்குக்கூட பெல்ஜியத்துல லியேஜ் பக்கத்துலேர்ந்து நெறைய குழல் போயிருக்கு. ஈரோடு பக்கத்து கொடுமணல்ல மூசையில (மண் குடுவையில) உருக்குன நம்ம எஃகும் டமாஸ்கஸ் வாளும் ஒரு வழி, இது வேற வழி, பேரு மட்டும்தான் ஒண்ணு. நல்லா மெருகு போட்ட குழலப் பாத்தா அம்மா சுத்துற கைமுறுக்கு மாதிரி சின்னச் சின்ன சுழி குழல் நெடுக ஓடும். எங்களோடது பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் ஏறி வெறும் மண்கலர்ல கெடந்துச்சு.

நான் போய் எறங்குறதுக்கு முன்னாடியே மாமா ஆசையா ஒரு கடைல குடுத்துட்டாரு. பேரு வேணாம். ரெண்டு நாள்ல புதுசு மாதிரி கருப்பாக்கித் தரோம், 250 வெள்ளி (ரிங்கிட்)ன்னு சொல்லியிருக்காங்க. கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. அவங்க சொன்னது சூடான காஸ்டிக் சோடா உப்புக் கரைசல்ல முக்கி எடுக்குற வேலை, இப்பத்து எஃகுக் குழலுக்கு அது சரி, ஆனா பழைய ரெட்டைக் குழல ஈயப் பத்துலதான ஒட்டியிருப்பாங்க, அந்தக் காரம் ஈயத்த தின்னுரும், ரெண்டு குழலுக்கும் நடுவுல ஓடுற நடுப்பட்டைக்கு அடியில உப்பு தங்கிட்டா அப்புறம் உள்ளுக்குள்ளயே அரிக்க ஆரம்பிச்சுரும். மாமாவ உடனே அனுப்பி எடுத்தாரச் சொன்னேன். முக்கல, ஆனா பஃப் மெஷின்ல ஒரு தேய் தேச்சுட்டாங்க. நடுப்பட்டைல வெட்டியிருந்த எழுத்துல பர்மிங்ஹாம்ங்கறதோட கடைசி மூணு எழுத்துதான் இப்ப கண்ணுக்குத் தெரியுது. தாத்தா அந்த எழுத்த விரலால தடவிக் காட்டுனது ஞாபகம் இருக்கு, அது இனிமே வராது.

அப்புறம் டவுன்லயே பழைய கடைவரிசைல லேசனோட துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஒரு வயசான ஆப்பேக் (சீனப் பெரியவர்) இருக்காருன்னு கோப்பிக்கடைல சொன்னாங்க. தோட்டத்துக்காரங்களோடயே வளந்தவரு, நல்லா தமிழ் பேசுறாரு. குழல வெளிச்சத்துல நீட்டிப் பாத்துட்டு, "தம்பி, அவசரம்னா எடுத்துட்டுப் போ. மூணு வாரம் ஆகும்"னாரு. மாமா என்னப் பாத்தாரு, நான் தலையாட்டுனேன்.

பக்கத்துல உக்காந்து நாலஞ்சு நாள் பாத்தேன். மொதல்ல ரெண்டு வாயிலயும் ரப்பர் மரக்கட்டைல சீவுன ஆப்ப அடிச்சாரு. உள்ள தண்ணி போகக்கூடாது, அதோட அந்தக் கட்டையப் புடிச்சுதான் வேலை, குழல்ல வெரல் பட்டா அந்த எண்ணெய்ப் பசைல மருந்து புடிக்காது. பொடி எமரி பேப்பரால நீளவாக்குல மட்டும் தேய்ப்பு, குறுக்க ஒரு இழுப்புகூட இல்ல. அப்புறம் பெர்ரிக் குளோரைடு தண்ணியா கலந்து லேசா ஓட்டுனாரு, எலக்ட்ரானிக் போர்டு அரிக்க விக்கிற அதே சாமான்தான். கண்ணு முன்னாடி சுழி எழும்புச்சு! இரும்பும் எஃகும் ஒரே மாதிரி அரிபடாது, அந்த வித்தியாசம்தான் கோலமாத் தெரியுது. மாமா பேச்சு மூச்சில்லாம நின்னாரு.

அதுக்கப்புறம்தான் நெசமான வேலை. துரு மருந்த பஞ்சுல தொட்டு ஒரே ஒரு தடவ இழுத்து விட்டுருவாரு, திரும்பத் தடவ மாட்டாரு. ராத்திரிக்குள்ள செம்மண் மாதிரி பொடித்துரு பூக்கும், நம்ம ஊரு ஈரக்காத்துக்கு தனியா ஈரப்பெட்டி தேவையில்லையாம். காலையில எண்ணெய் நீக்குன எஃகு நாருல மெதுவா வழிச்சு எடுத்துட்டு மறுபடியும் மருந்து. இப்படி பதினோரு தடவ. ஒவ்வொரு தடவயும் கொதிதண்ணில போட்டா துரு கருப்பாயிருமாம், இங்கிலீஷ் துப்பாக்கிக்கு பழுப்புதான் பழைய வழக்கம்னு சொல்லி இத பழுப்பாவே விட்டாரு. கடைசியா ஒரு தடவ மட்டும் சுடுதண்ணி ஊத்தி, சோடா மாவுத் தண்ணில கழுவி மருந்த நிறுத்தி, சூடு ஆறுறதுக்குள்ள எண்ணெய் பூசுனாரு.

மாமாவுக்கு ஒரு தடவயாவது சுட்டுப் பாக்கணும்னு ஆசை. ஆப்பேக் உள்ள லைட்டு அடிச்சுக் காட்டுனாரு, இடது குழல்ல துரு அரிச்ச குழி வரிசையா இருக்கு. இது கருமருந்து காலத்துக் குழல், இப்பத்து தோட்டாவப் போட்டா கைல வெடிச்சுரும், வெளிய மெருகு போட்டதால உள்ள பலம் வந்துராதுன்னு கறாரா சொல்லிட்டாரு. எனக்கு அவர் மேல மரியாதை வந்ததே அந்த எடத்துலதான்.

மொத்தம் 900 வெள்ளி. போக நெனைக்கிறவங்க மொதல்ல பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) கேட்டுக்கங்க, லேசன் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் நேர்ல கொண்டு போகணும். போன்ல வெலை கேட்டா சொல்ல மாட்டாரு, குழலப் பாத்துட்டுதான் பேசுவாரு. எடுத்த எடுப்புல ரெண்டு நாள்னு சொல்ற கடைல குடுக்காதீங்க. அழிஞ்ச எழுத்த திரும்ப வெட்ட முடியுமான்னு நான் கேட்டேன். "முடியும், ஆனா அது என் எழுத்தா இருக்கும், அவங்க எழுத்தா இருக்காது"ன்னாரு. அந்த மூணு எழுத்தோடயே அப்படியே விட்டுட்டோம்.