ஹன்சாட்டில் ஒரு பிரதம நீதியரசரின் நீக்கம்: பாராளுமன்ற அறிக்கைச் சேவை பற்றிய மதிப்பீடு

உயர்தர வகுப்பில் அரசறிவியல் கற்பிக்கிறேன். சட்டமன்றம், நிறைவேற்றுத்துறை, நீதித்துறை ஆகியவற்றின் அதிகாரங்களைப் பிரித்து வைக்கும் வலுவேறாக்கம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டதை எடுத்துக்காட்டாகச் சொல்லாமல் என்னால் பாடத்தை முடிக்க முடிவதில்லை. "சேர், நீதிமன்றம் கூடாது என்று சொன்ன பிறகும் பாராளுமன்றம் எப்படி வாக்கெடுத்தது?" என்று ஒரு மாணவி கேட்ட நாளில், பத்திரிகை நறுக்குகளை மட்டும் நம்பிப் பதில் சொல்வது போதாது என்று தோன்றியது. அன்றிலிருந்து, பாராளுமன்ற இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஹன்சாட் எனப்படும் சபை உரைகளின் அச்சிட்ட அறிக்கைகளை அந்த ஒரு விவகாரத்துக்காகவே நாள் நாளாக எடுத்து வாசித்தேன். அந்த வாசிப்புக்கு இந்தச் சேவை எவ்வளவு துணை நின்றது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

ஹன்சாட்டைத் திறந்தவுடன் கண்ணில் படுவது அதன் அமைப்பு. ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்திகளாக அச்சிடப்பட்டிருக்கும். உறுப்பினர் ஒருவர் எழுந்து பேசும் இடத்தில் அவருடைய பெயர் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அதற்குக் கீழே வரும் உரை மட்டும் அவர் பேசிய மொழியில் இருக்கும். பெயருக்கு மூன்று மொழி, பேச்சுக்கு ஒரு மொழி என்ற இந்த ஏற்பாடு, தமிழ் மட்டும் அறிந்த வாசகரைப் பல பக்கங்களுக்கு வாசலில் நிறுத்திவிடுகிறது. பேசியவரின் சொல் மாறாமல் நிற்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அரசியலமைப்பு நெருக்கடி ஒன்றின் முதன்மை ஆவணத்துக்கு மூன்று மொழிகளிலும் சுருக்கமாவது இணைக்கப்பட வேண்டும் என்றே கருதுகிறேன். பிரதம நீதியரசரை நீக்கக் கோரிய குற்றப்பிரேரணை மீதான விவாதத்தின் பெரும்பகுதி சிங்களத்தில் நடந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சக ஆசிரியரின் உதவி தேவைப்பட்டது.

இந்த விவகாரத்தை வாசிக்க விரும்புவோர் குற்றப்பிரேரணை சபாநாயகரிடம் ஒப்படைக்கப்பட்ட 2012 நவம்பர் 1 ஆம் திகதியிலிருந்து தொடங்கினால் பாதிக் கதையைத் தவறவிடுவார்கள். செப்டெம்பர் 18 ஆம் திகதிய அறிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். வாழ்வாதார உதவித் திட்டங்களை ஒரே திணைக்களத்தின்கீழ் கொண்டுவரும் திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளுக்கு உரிய விடயங்களைத் தொடுவதால், ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தையும் பெற்ற பின்னரே அதை நிறைவேற்றலாம் என்ற உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் அன்றுதான் சபையில் அறிவிக்கப்பட்டது. சபாநாயகர் அறிவிக்கும் இத்தகைய தீர்மானங்களை அன்றைய ஹன்சாட்டில் அச்சிடும் வழக்கம் இருப்பது இச்சேவையின் பெரிய பலம். வடக்கில் அப்போது தெரிவு செய்யப்பட்ட மாகாண சபையே இருக்கவில்லை. முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில்தான் நடந்தது. சபைக்குப் பதிலாக ஆளுநர் இணக்கம் தெரிவித்தது செல்லாது என்று நீதிமன்றம் அடுத்து சொன்னது. நவம்பர் 6 ஆம் திகதி அமர்வில் அந்தத் தீர்மானமும், பிரதம நீதியரசருக்கு எதிரான பிரேரணையும் ஒரே நாளில் சபைக்கு வந்தன. இவ்விரண்டையும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்துக் கண்டபோது, இது கொழும்பு உயர்மட்டத்தாரின் தகராறு மட்டுமே என்று அதுவரை நினைத்திருந்த என் எண்ணம் மாறியது. வடக்கு மாகாணத்து மக்களின் சம்மதத்தை யார் தரலாம் என்ற கேள்வியும் இதற்குள் இருந்தது.

பிரேரணையில் 117 உறுப்பினர்கள் ஒப்பமிட்டிருந்தார்கள், குற்றச்சாட்டுகள் 14. நவம்பர் 14 ஆம் திகதி 11 பேர் கொண்ட தெரிவுக்குழு அமைக்கப்பட்டது. ஆளுங்கட்சியினர் 7 பேர், எதிரணியினர் 4 பேர். அந்த நால்வரில் இரா. சம்பந்தனும் ஒருவர். இதற்குப் பின்னர்தான் ஹன்சாட் வாசகர் ஒரு சுவரில் முட்டுகிறார். குற்றம் நிறுவப்படும் வரையில் தெரிவுக்குழுவின் நடவடிக்கைகளை வெளியிடலாகாது என்று பாராளுமன்றம் தனக்கு வகுத்துக்கொண்ட விதிகளான நிலையியற் கட்டளைகளில் அப்போதைய 78அ கூறியது. ஆகவே அந்த அறைக்குள் நடந்தவை அன்றாட அறிக்கையில் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் பக்க ஆவணங்களை டிசம்பர் 6 ஆம் திகதி கையில் கொடுத்து மறுநாளே பதில் கேட்டார்கள் என்பதையும், பிரதம நீதியரசர் 6 ஆம் திகதியே விசாரணையிலிருந்து வெளியேறினார் என்பதையும், எதிரணியினர் நால்வரும் மறுநாள் குழுவிலிருந்து விலகினர் என்பதையும், அதன் பின்னர் சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர் என்பதையும் பிற்பாடு நடந்த விவாதங்களிலிருந்து கூட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிசம்பர் 8 ஆம் திகதி வந்த குழுவின் அறிக்கை, ஆராய்ந்த 5 குற்றச்சாட்டுகளில் 3 நிரூபிக்கப்பட்டதாகச் சொன்னது. ஒன்று சொத்துக் கொள்வனவு, மற்றொன்று வங்கிக் கணக்குகளை வெளிப்படுத்தாமை, மூன்றாவது கணவர் மீதான வழக்கில் எழும் நலமுரண். அவர் இவற்றை மறுத்தார்.

அந்த 78அ கட்டளையை ஹன்சாட்டோடு பக்கத்தில் வைத்து வாசிக்கும்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வேன். குற்றச்சாட்டுகளைப் பொய்யென்று நிறுவுவதற்குச் சான்று சமர்ப்பிக்க நீதியரசருக்கு உரிமை உண்டு என்று அதில் ஒரு வரி இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அது உரிமை கொடுக்கும் வரி. நிதானமாக வாசித்தால், நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சுமத்தியவரிடமிருந்து எடுத்துக் குற்றம் சுமத்தப்பட்டவரின் தோளில் வைக்கும் வரி. அரசியலமைப்பின் 107 ஆம் உறுப்புரையோ "நிரூபிக்கப்பட்ட" துர்நடத்தையைக் கேட்கிறது. என் வகுப்பில் இந்த இரண்டு வாசகங்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, மாணவர் தாமே வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பேன்.

இரு தரப்பின் வாதங்களும் வெட்டப்படாமல் கிடைக்கும் இடம் இது என்பதற்காகவே இச்சேவையை நான் மிகவும் மதிக்கிறேன். தெரிவுக்குழுவினருக்கும் தனக்கும் நீதிமன்றம் அனுப்பிய அறிவித்தல்களை ஏற்க முடியாது என்று சபாநாயகர் சமல் ராஜபக்ச நவம்பர் 29 ஆம் திகதி வழங்கிய தீர்ப்பு, 2001 இல் அநுர பண்டாரநாயக்க சபாநாயகராக இருந்து வழங்கிய தீர்ப்பின் வழியில் நின்றது. மக்களின் நீதித்துறை அதிகாரத்தைப் பாராளுமன்றமே நீதிமன்றங்கள் ஊடாகப் பிரயோகிக்கிறது என்ற 4 ஆம் உறுப்புரையை ஆளுந்தரப்பினர் ஊன்றிப் பிடித்தார்கள். அந்த வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. இலங்கையின் அரசியலமைப்பு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும், ஒருவரின் பதவியையும் நற்பெயரையும் பறிக்கும் விசாரணை அதிகாரத்தைச் சட்டத்தால் மட்டுமே வழங்கலாம், நிலையியற் கட்டளையால் வழங்க முடியாது என்று 2013 ஜனவரித் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் தந்த பொருள்கோடலே எனக்கு வலுவாகப் படுகிறது. அதன் அடிப்படையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜனவரி 7 ஆம் திகதி தெரிவுக்குழுவின் அறிக்கையை இரத்துச் செய்தது. மறுநாள் திவிநெகும சட்டமூலம் நிறைவேறியது.

ஜனவரி 10, 11 ஆம் திகதிகளின் அறிக்கைகளே இந்த வாசிப்பின் மையம். 155 பேர் ஆதரவாகவும் 49 பேர் எதிராகவும் வாக்களித்தனர் என்ற எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். எதற்கு வாக்களித்தனர் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நீதியரசரை நீக்கும்படி ஜனாதிபதியைக் கேட்கும் விண்ணப்பம் ஒன்றைப் பாராளுமன்றம் நிறைவேற்ற வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. சபை அன்று நிறைவேற்றியதோ தெரிவுக்குழு அமைக்கக் கோரிய பழைய பிரேரணையைத்தான், நீக்கும் விண்ணப்பத்தை அல்ல என்ற வாதம் எழுந்தது. இந்த வாதத்தைச் சரிபார்க்க விவாதத்தைக் கேட்டவரின் நினைவு போதாது, அச்சிட்ட வாசகம் வேண்டும். வகுப்புக்காக இப்பக்கங்களை ஒரு கடையில் போட்டோக்கொப்பி எடுத்தபோது வலப்பக்கப் பத்தியின் ஓரம் வெட்டுப்பட்டு, பிரேரணையின் வரிகள் அரைகுறையாக வந்தன. மாணவர்களுக்கு அதைக் கொடுக்க மனம் வராமல், அந்தப் பகுதியை முழுவதும் கையால் எழுதிக் கொடுத்தேன். பிரதி எடுப்போர் இரு ஓரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்ட மாணவர், ஆசிரியர், பத்திரிகையாளர் ஆகியோருக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தமிழ் மட்டும் வாசிப்போர் தமிழ் உறுப்பினர்களின் உரைகளிலிருந்து தொடங்கி, அவர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று பின்னோக்கிச் செல்வது எளிது. இதை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் அறிய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 13 இல் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ச நீக்க உத்தரவில் ஒப்பமிட்டதும், 15 இல் மொஹான் பீரிஸ் புதிய பிரதம நீதியரசராகப் பதவியேற்றதும் சபைக்கு வெளியே நடந்தவை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை 2014 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் புரட்டியது. அதை நீதிமன்ற அறிக்கைகளில்தான் தேட வேண்டும். ஷிராணி பண்டாரநாயக்க மீண்டும் பதவிக்கு வந்தது 2015 ஜனவரி 28 ஆம் திகதி. அதற்குப் பாராளுமன்றம் எந்த வாக்கெடுப்பும் நடத்தவில்லை. முந்திய நீக்கமே முறைப்படி நடக்கவில்லை, ஆகவே அந்த இடம் வெற்றிடமாகவே இல்லை என்ற நிலைப்பாட்டில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன செயற்பட்டார். மறுநாள் ஷிராணி பண்டாரநாயக்க ஓய்வு பெற, 30 ஆம் திகதி க. ஸ்ரீபவன் பிரதம நீதியரசராகப் பதவியேற்றார். இந்த மூன்று நாட்களுக்கும் என் மாணவர்களை அக்காலப் பத்திரிகைகளிடம்தான் அனுப்புகிறேன்.